செல்லுக்குள் வெப்பநிலை: சாயம் மங்கினால் சூடு ஏறியது என்று எழுதிவிடலாமா?

கோமதி_ஒன்நார்த் | திங்கள், காலை 8:40

எல்லாருக்கும் வணக்கம். பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தின் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தசைச் செல்கள்தான் என் வேலை. இங்கே நுண்ணோக்கி, இயற்பியல் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்த் தங்கும் ஒரு ரோடமின் வகைச் சாயத்தைப் பயன்படுத்துகிறேன். சூடு ஏறினால் அதன் ஒளிர்வு மங்கும். செல்களில் எஃப்.சி.சி.பி என்ற மருந்தைச் சேர்க்கிறேன். தெரியாதவர்களுக்காக: மைட்டோகாண்ட்ரியா புரோட்டான்களைச் சவ்வின் வெளிப்பக்கம் தள்ளி வைத்து, அவை திரும்பி வரும்போது செல்லின் எரிபொருளான ஏ.டி.பியைத் தயாரிக்கிறது. எஃப்.சி.சி.பி அந்தப் புரோட்டான்களைக் குறுக்கு வழியில் உள்ளே விட்டுவிடும். ஏ.டி.பி ஆகியிருக்க வேண்டிய ஆற்றல் அப்படியே வெப்பமாகப் போகும். ஆக, செல் சூடாக வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

மருந்து போட்ட சில நிமிடங்களில் ஒளிர்வு நன்றாகவே மங்குகிறது. தட்டை 32 முதல் 40 டிகிரி வரை படிப்படியாகச் சூடாக்கி ஓர் அளவுக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதில் வைத்துப் பார்த்தால் பல டிகிரி ஏறியதாக வருகிறது. படத்தை நீலத்திலிருந்து சிவப்புக்கு வண்ணம் மாற்றிப் போட்டால் பார்க்கிறவர் யாரும் நம்பிவிடுவார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இது வெப்பம்தானா, இல்லை வேறு ஏதாவதா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நுண்ணோக்கி_அறை | திங்கள், காலை 10:15

கோமதி, கேட்க வேண்டிய கேள்வி. பல வருடங்களாகக் கன்ஃபோக்கல் நுண்ணோக்கிகளைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கின் அளவைப் பாருங்கள். ரோடமின் பி ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் மங்கும். அதாவது 3 டிகிரி ஏறியது என்று நீங்கள் சொல்வது வெறும் 6 சதவீத ஒளி மாற்றத்தை வைத்து. அந்த 6 சதவீதத்தை உண்டாக்க வேறு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ரோடமின் வகைச் சாயங்களுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் உள்பக்கம் எதிர்மின்னழுத்தத்தில், 150 மில்லிவோல்ட்டுக்கு மேல், இருப்பதால்தான் அவை உள்ளே போய்ச் சேருகின்றன. எஃப்.சி.சி.பி முதலில் அடித்து வீழ்த்துவது அந்த மின்னழுத்தத்தைத்தான். பிடிப்பு போனால் சாயம் வெளியே கசியும், ஒளி மங்கும். வெப்பமே இல்லாமல் நடக்கும் இது. சில சமயம் நேர்மாறாகவும் ஆகும்: உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றின் ஒளியை மற்றொன்று மங்கச் செய்துகொண்டிருந்த சாய மூலக்கூறுகள் கலைந்து, ஒளி கூடும். இரண்டும் சேர்ந்து நடந்தால் எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது அமிலத்தன்மை. மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதி சற்றுக் காரமானது, வெளியே கிட்டத்தட்ட நடுநிலை. புரோட்டான் உள்ளே பாய்ந்ததும் அந்த வித்தியாசம் சரிந்துவிடும். பிஎச் மாறினால் உங்கள் சாயம் அசைகிறதா? குப்பியில் சோதித்திருப்பீர்கள். புரதமும் கொழுப்பும் அடைந்துகிடக்கும் இடத்தில் சோதித்தீர்களா?

அப்புறம் வடிவம். எஃப்.சி.சி.பி போட்டால் மைட்டோகாண்ட்ரியா நீள இழையிலிருந்து துண்டு துண்டாக உருண்டுவிடும். குவியத் தளத்தில் இருந்த பொருள் சற்று மேலே போய்விட்டாலே 6 சதவீதம் காணாமல் போகும். ஒவ்வொரு முறை லேசர் படும்போதும் சாயம் கொஞ்சம் வெளுக்கிறது, அது தனிக் கணக்கு.

கருவியிலும் ஒன்று இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. உங்கள் தட்டு 37 டிகிரி பெட்டிக்குள் இருக்கலாம். ஆனால் எண்ணெய்த் துளி வழியாகத் தட்டின் அடிக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் லென்ஸ் ஒரு பெரிய உலோகக் கட்டி. குளிர்சாதனம் ஓடும் அறையில் அது சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். லென்ஸுக்குச் சூடேற்றும் பட்டை போடாவிட்டால், திரையில் 37 என்று காட்டும்போதே செல் இருக்கும் இடம் ஒரு டிகிரிக்கு மேல் குறைவாக இருப்பது சாதாரணம். நீங்கள் மருந்து ஊற்ற மூடியைத் திறந்தாலே நிலைமை மாறும்.

தெம்பனிஸ்_குமார் | திங்கள், மதியம் 12:50

அறிவியல் படித்தவன் இல்லை, ஆர்வத்தில் கேட்கிறேன். 2003இல் சார்ஸ் வந்த சமயம் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்து அளக்கச் சொன்னார்கள். அதையே மிகச் சிறியதாகச் செய்து செல்லுக்குள் வைக்க முடியாதா? ஏன் சாயத்தை நம்ப வேண்டும்?

நுண்ணோக்கி_அறை | திங்கள், மதியம் 1:20

செய்திருக்கிறார்கள் குமார். நுனி மிக மெல்லிய தெர்மோகப்பிள் (இரு உலோகங்களை இணைத்துச் செய்த வெப்பமானி) ஊசிகள் உண்டு. ஆனால் நம் செல்லின் அகலமே 20 மைக்ரோமீட்டர் சுற்றுவட்டம்தான். ஊசியைக் குத்தினால் சவ்வு கிழியும், கால்சியம் உள்ளே பாயும், செல் அந்தக் காயத்துக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும். அதோடு உலோகக் கம்பி, அளக்க வந்த வெப்பத்தையே வெளியே கடத்திக்கொண்டு போகும். அதனால்தான் தொடாமல் பார்க்கக்கூடிய ஒளிர்வு முறைகள் பக்கம் எல்லாரும் போனார்கள். சாயம், பாலிமர், குவாண்டம் புள்ளி, அருமண் உலோகத் துகள், பச்சை ஒளிர்புரதம், கடைசியாக வைரத் துகள். சால்மோனெல்லா கிருமியில் சூடு ஏறினால் பிரிந்துகொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. அதைப் பச்சை ஒளிர்புரதத்தோடு ஒட்டி, மரபணு வழியாகச் செல்லே தயாரித்துக்கொள்ளும் வெப்பமானியை 2013இல் ஜப்பானியக் குழு ஒன்று வெளியிட்டது. அழகான வேலை.

இயற்பியல்_வாத்தியார் | திங்கள், இரவு 9:05

தொடக்கக்கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். செல்லைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் வெப்பம் செல்லுக்குள் இருந்தாலும் வெப்பம்தானே. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓய்வில் இருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறது. செல்கள் 30 லட்சம் கோடிக்குக் குறையாது. வகுத்தால் ஒரு செல்லுக்குச் சராசரி 3 பிக்கோவாட் (ஒரு பிக்கோவாட் என்பது ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). எண்ணிக்கையில் பெரும்பங்கு மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத சிவப்பணுக்கள் என்பதால், சுறுசுறுப்பான ஒரு செல்லுக்குத் தாராளமாக 100 பிக்கோவாட் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த வெப்பம் 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஓர் உருண்டையிலிருந்து நீருக்குள் கசிகிறது. நீரின் வெப்பக் கடத்துதிறன் 0.6. திறனை, கடத்துதிறன் பெருக்கல் ஆரத்தால் வகுத்தால், செல் தன் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடாக இருக்க முடியும் என்பதன் அளவு கிடைக்கும். விடை ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு. உருண்டைக்குரிய 4 பை (4π) என்பதையும் சேர்த்துக்கொண்டால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சோதனைகள் காட்டுவதோ ஒரு டிகிரி, இரண்டு டிகிரி!

இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. பிரான்ஸின் கியோம் பஃபூவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் இந்தக் கணக்கைத்தான் முன்வைத்தார்கள். கணக்குக்கும் அளவீட்டுக்கும் இடையே உள்ள இந்த ஒரு லட்சம் மடங்கு இடைவெளி அன்றிலிருந்து இந்தத் துறையை விட்டபாடில்லை.

அப்படியென்றால் உடம்பு எப்படி 37 டிகிரியில் இருக்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். உண்டாகும் வெப்பம் ஆரத்தின் மும்மடியாகக் கூடும், வெளியேறும் வழி ஆரத்தைப் பொறுத்து மட்டும் கூடும். ஆகவே வெப்பநிலை வித்தியாசம் ஆரத்தின் வர்க்கத்தில் ஏறும். சாத்தே கடை அடுப்பில் கரிகள் குவியலாகக் கிடந்தால் கனன்றுகொண்டிருக்கும், ஒன்றை மட்டும் இடுக்கியில் எடுத்துத் தனியே போட்டால் சட்டென்று ஆறிவிடும். கோமதியின் தட்டில் இருப்பவை தனியே போட்ட கரிகள்.

வேதியியல்_நிலா | செவ்வாய், காலை 7:30

வாத்தியார் சார், கணக்கு சரி. ஆனால் கணக்கு சொல்வதால் அளவீடுகள் எல்லாம் பொய் என்ற முடிவுக்கு உடனே போக எனக்கு விருப்பமில்லை. சாயங்கள் தயாரிக்கும் வேலையில் இருந்தவள் நான், அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

இந்தக் கதையில் சிங்கப்பூருக்கு நேரடிப் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. செல்லுக்குள் எண்டோபிளாஸ்மிக் வலை என்ற சவ்வு அமைப்புக்குப் போகும் மஞ்சள் வெப்பச் சாயம் 2014இலும், மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் மைட்டோ தெர்மோ யெல்லோ 2015இலும் இங்கிருந்துதான் வெளிவந்தன. தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த யங்-டே சாங் குழுவும், பயோபோலிசில் இயங்கிய வசேதா பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தின் சதோஷி அராய் போன்றவர்களும் சேர்ந்து செய்தது. அந்த மைட்டோ தெர்மோ யெல்லோவை எடுத்துக்கொண்டுதான் பாரிஸில் பியர் ருஸ்தான் குழு 2018இல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த அந்தக் கட்டுரையை வெளியிட்டது: மைட்டோகாண்ட்ரியா 50 டிகிரிக்கு அருகில் இயங்குகிறது என்று.

அவர்கள் செய்ததையும் கவனியுங்கள். 38 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் குப்பிக்குள் செல்கள். சுவாசம் நடக்கும்போது சாயம் மங்குகிறது. குப்பியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் ஒளி திரும்ப ஏறுகிறது. சுவாசத்தைத் தடுக்கும் மருந்துகளைப் போட்டாலும் அதே மாதிரி. சும்மா ஒரு படத்தைப் போட்டுவிட்டுப் போகவில்லை. சுவாசச் சங்கிலியின் நொதிகள் 50 டிகிரியை ஒட்டித்தான் அதிக வேகம் காட்டுகின்றன என்றும் தனியாக அளந்து காட்டினார்கள்.

இரண்டாவது, செல்லை ஒரு நீர் உருண்டை என்று வைத்துக்கொள்வது சரியா? 2021இல் வைரத் துகளை வைத்துச் செல்லுக்குள்ளேயே கடத்துதிறனை அளந்திருக்கிறார்கள். ஆய்வகங்களில் வளர்க்கும் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்லில் 0.11 வந்தது. நீரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே!

மூன்றாவது, ஒளியின் அளவை விட்டுவிட்டு ஒளிர்வின் ஆயுளை, அதாவது தூண்டிய பிறகு எவ்வளவு நேரம் ஒளிர்கிறது என்பதை, அளக்கும் முறை இருக்கிறது. சாயம் எவ்வளவு இருக்கிறது என்பது அதைப் பாதிக்காது. 2012இல் தோக்கியோவில் பாலிமர் வெப்பமானியை வைத்து அப்படித்தான் அளந்தார்கள். உட்கரு அதைச் சுற்றியுள்ள பகுதியைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி சூடு என்று வந்தது. வெவ்வேறு வேதியியல், வெவ்வேறு முறை, எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போது அதை ஒதுக்கித் தள்ள முடியுமா?

இயற்பியல்_வாத்தியார் | செவ்வாய், மாலை 6:10

நிலா, நன்றாகச் சொன்னீர்கள். பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

0.11 என்பதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அதனால் வெப்பநிலை வித்தியாசம் ஆறு மடங்கு கூடலாம். நமக்குத் தேவை ஒரு லட்சம் மடங்கு. ஆறு மடங்கு போன பிறகும் பத்தாயிரக்கணக்கில் மிச்சம் இருக்கிறது. செல்லுக்கு வெளியே இருப்பது எப்படியும் சாதாரண நீர்தான்.

மறுபக்கத்திலிருந்து வருவோம். செல் ஒரே ஒரு டிகிரி சூடாக நிலைத்திருக்க எவ்வளவு திறன் வேண்டும்? 4 பை பெருக்கல் 0.6 பெருக்கல் 10 மைக்ரோமீட்டர். 75 மைக்ரோவாட் வருகிறது. உடம்பு முழுவதும் விடும் 100 வாட்டை அப்படிப்பட்ட செல்கள் 13 லட்சம் சேர்ந்தாலே கொடுத்துவிடும். அத்தனை செல்லையும் ஒன்றாகச் சேர்த்தால் 6 மைக்ரோலிட்டர்கூட வராது, ஒரு சின்னத் துளி.

எரிபொருளுக்கு எங்கே போவது? ஒரு கிராம் குளுக்கோஸ் தரும் ஆற்றல் ஏறக்குறைய 16 கிலோஜூல். அந்தச் செல்லின் எடை 4 நானோகிராம். செல் முழுவதும் சர்க்கரையாகவே இருந்தாலும் 75 மைக்ரோவாட் வேகத்தில் எரிந்தால் ஓரிரு வினாடியில் தீர்ந்துவிடும். கோமதி நிமிடக்கணக்கில் பார்க்கிறார். ஆகவே இதைக் கடத்துதிறன் பிரச்சினையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. ஆற்றல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆயுள் முறை சாயத்தின் அளவைச் சாராது என்பது உண்மை. சுற்றுப்புறத்தையும் சாராதா? உட்கருவில் டி.என்.ஏவும் புரதமும் வேறு விதமாக நெருங்கிக் கிடக்கின்றன. பாலிமர் சுருங்குவதும் விரிவதும் அந்த நெருக்கத்தைப் பொறுத்து மாறாதா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேதியியல்_நிலா | செவ்வாய், இரவு 8:45

மாறும். அதை மறுக்க மாட்டேன். பாகுத்தன்மை, அயனிச் செறிவு, அருகில் இருக்கும் புரதம், எல்லாவற்றுக்கும் ஆயுள் கொஞ்சம் அசையும். நல்ல குழுக்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியிடுகின்றன. ஆனால் குப்பியில் ஒவ்வொன்றாகச் சோதிப்பதும், செல்லுக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுவதும் ஒன்றல்ல என்பது நியாயமான குறைதான்.

சர்க்கரைக் கணக்கு என்னை யோசிக்க வைக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜூரோங்_இன்ஸ்ட்ருமெண்ட் | புதன், காலை 6:20

ஷிஃப்ட் முடிந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ஜூரோங் தீவில் கருவிப் பராமரிப்பு வேலை. தெர்மோகப்பிள், ஆர்.டி.டி போன்ற வெப்பநிலை சென்சார்களைக் கழற்றி, கேலிப்ரேட் செய்து, திரும்ப மாட்டுவதுதான் தினசரி வேலை. செல் தெரியாது, வெப்பமானி தெரியும்.

எங்கள் வேலையில் ஒரு சென்சாரைச் சோதிக்க வேண்டுமானால் அதை மாஸ்டர் வெப்பமானியோடு ஒரே குளியலில் வைத்துப் பார்ப்போம். மாஸ்டர் வேறு எங்கோ சான்று பெற்றிருக்கும், அந்தச் சான்று கடைசியில் தேசிய அளவுத்தரம் வரை போகும். கோமதி தங்கச்சி போட்ட அளவுக்கோட்டில் மாஸ்டர் எது? தட்டைச் சூடாக்கினீர்கள், தட்டின் வெப்பநிலையும் செல்லுக்குள் உள்ள வெப்பநிலையும் ஒன்று என்று வைத்துக்கொண்டீர்கள். செல் தானாகச் சூடாகும் என்பதைத்தான் நிரூபிக்கப் போகிறீர்கள். கேலிப்ரேஷன் செய்யும்போது மட்டும் அது சூடாகாது என்று எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? நிலா சொன்ன பாரிஸ் குழு ஆக்சிஜன் தீர்ந்த நிலையில் அளவுக்கோடு போட்டார்கள் என்றால், அது இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டு செய்த வேலை. ஆனால் மூச்சு நின்ற செல்லில் அந்த மின்னழுத்தமும் பிஎச்சும் மூச்சு விடும் செல்லில் இருந்தது போலவே இருக்குமா?

இன்னொன்று. குழாயில் ஒரு சென்சார் திடீரென்று 10 டிகிரி கூடக் காட்டினால், நாங்கள் உடனே ஆலை சூடாகிவிட்டது என்று எழுத மாட்டோம். பக்கத்தில் உள்ள சென்சாரைப் பார்ப்போம், ஓட்டத்தின் அளவைப் பார்ப்போம், உள்ளே போகும் ஆற்றலும் வெளியே வரும் ஆற்றலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். ஒத்துப்போகவில்லை என்றால் சென்சாரைத்தான் முதலில் கழற்றுவோம். வாத்தியார் சார் போட்ட கணக்கு அதுதானே.

கோமதி_ஒன்நார்த் | புதன், காலை 9:00

ஜூரோங் அண்ணே, அந்த மாஸ்டர் கேள்வியை நான் என் குழுவிடம் அப்படியே கேட்கப் போகிறேன்.

ஆற்றல் கணக்குக்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது. எங்கள் தளத்தில் ஆக்சிஜன் நுகர்வு அளக்கும் கருவி உண்டு. ஒரு மோல் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 450 கிலோஜூல் வெப்பம். வளர்ப்புச் செல்கள் நிமிடத்துக்குச் சில ஃபெம்டோமோல் ஆக்சிஜன் எடுக்கும். 5 ஃபெம்டோமோல் என்று வைத்தால் 40 பிக்கோவாட் அளவுக்கு வருகிறது. வாத்தியார் சார் தாராளமாகப் போட்ட 100 பிக்கோவாட் உண்மையிலேயே தாராளம்தான். எஃப்.சி.சி.பி போட்டால் ஆக்சிஜன் நுகர்வு சில மடங்கு ஏறும், ஆயிரக்கணக்கான மடங்கு ஏறாது.

செவிலி_செம்பவாங் | புதன், மதியம் 2:30

அறுவை அரங்கில் மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர் நான். ஒரு விஷயம் சொல்லலாமா?

மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்று ஒன்று இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே தசையில் கால்சியம் வாயிலில் கோளாறு இருக்கும், பெரும்பாலும் ரயனோடின் ஏற்பி மரபணுவில். அவர்களுக்கு செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுவோ சக்சினைல்கோலினோ கொடுத்தால் தசை முழுவதும் கால்சியம் கட்டுப்பாடின்றி வெளியாகும். அதைத் திரும்ப உள்ளே இழுக்கப் பம்புகள் ஓயாமல் ஏ.டி.பி எரிக்கும். உடல் வெப்பம் சில நிமிடங்களுக்கு ஒரு டிகிரி என்று ஏறும். டான்ட்ரோலீன் என்ற மாற்றுமருந்தை உடனே கொடுக்காவிட்டால் உயிர் போகக்கூடும். அதனால்தான் அரங்கில் அது எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

ஆக, செல் சூடாகிறது என்பது எங்களுக்கு வெறும் விவாதம் அல்ல. கணக்கு "முடியாது" என்றால், நோயாளிக்கு ஏறும் சூடு எங்கிருந்து வருகிறது?

இயற்பியல்_வாத்தியார் | புதன், மாலை 5:50

மிக நல்ல கேள்வி அக்கா. அங்கே பல கிலோ தசை ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ஒவ்வொரு செல்லும் தன் பக்கத்துச் செல்லைவிடச் சூடாக வேண்டியதில்லை, எல்லாம் சேர்ந்து ஒன்றாக ஏறுகின்றன. வெப்பம் போக வழி தோலும் ரத்த ஓட்டமும் மட்டும்தான். அந்த வெப்பத்தை ஒரு டிஜிட்டல் வெப்பமானியே காட்டும், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தசையில் வெப்பம் உண்டாவதைத் துல்லியமாக அளந்ததற்காகத்தான் பிரிட்டிஷ் உடலியல் ஆய்வாளர் ஏ. வி. ஹில் 1922ஆம் ஆண்டு நோபெல் பரிசுக்குத் தேர்வானார். தட்டில் தனியாகக் கிடக்கும் ஒரு செல், குளிர்ந்த நீருக்கு நடுவில் இருந்துகொண்டு, தனக்கு மட்டும் சூட்டை வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் இங்கே பிரச்சினை.

வேதியியல்_நிலா | புதன், இரவு 10:15

செவிலி அக்கா சொன்னதுதான் இந்தச் சாயங்களை உருவாக்கியவர்களை உந்தியது. எண்டோபிளாஸ்மிக் வலையைக் குறிவைத்ததே அந்தக் கால்சியம் பம்புகள் அங்கே இருப்பதால்தான். சோதனை முடிவு எப்படி இருந்தாலும் கேள்வி வீணான கேள்வி அல்ல. பழுப்புக் கொழுப்புச் செல்களும் அப்படித்தான், வெப்பம் உண்டாக்குவதே அவற்றின் வேலை.

குமார் கேட்டதற்கு இன்னொரு பதிலும் பாக்கி இருக்கிறது. வைரம். அதன் அணு அடுக்கில் ஒரு நைட்ரஜனும் அதன் பக்கத்தில் ஒரு காலியிடமும் இருந்தால், அது 2.87 கிகாஹெர்ட்ஸில் ஓர் ஒத்திசைவு காட்டும். ஒரு டிகிரி ஏறினால் அது 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். வேதிச் சூழல் வைரத்துக்குள் புக முடியாது என்பதால் பிஎச், பாகுத்தன்மை பற்றிய கவலை பெரிதும் குறையும். ஹார்வர்டில் 2013இல் செல்லுக்குள் இதைச் செய்து காட்டினார்கள். செல் தானாகச் சூடாவதை அல்ல, பக்கத்தில் வைத்த தங்கத் துகளை லேசரால் சூடாக்கி அதை அளந்தார்கள். இதிலும் சிரமம் உண்டு: நுண்ணலை கொடுக்க வேண்டும், அதுவே தண்ணீரைச் சூடாக்கும், துகளும் புரண்டுகொண்டே இருக்கும்.

நுண்ணோக்கி_அறை | வியாழன், காலை 8:30

கோமதி, வண்ணப் படங்களை இன்னொரு முறை பாருங்கள். மைட்டோகாண்ட்ரியா சிவப்பாகவும் அதற்கு அரை மைக்ரோமீட்டர் தள்ளி நீலமாகவும் கூர்மையாகப் பிரிந்து தெரிகிறதா?

கோமதி_ஒன்நார்த் | வியாழன், காலை 8:55

ஆமாம் அண்ணே. விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது. அழகாக இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

இயற்பியல்_வாத்தியார் | வியாழன், மதியம் 1:15

அந்தக் கூர்மைதான் கவலை தருவது. நீரில் வெப்பம் வினாடிக்கு 0.14 சதுர மில்லிமீட்டர் என்ற கணக்கில் பரவும். 10 மைக்ரோமீட்டரைக் கடக்க ஒரு மில்லிவினாடிகூட ஆகாது, ஒரு மைக்ரோமீட்டரைக் கடக்கச் சில மைக்ரோவினாடி. அப்படிப் பரவும் ஒன்று கூர்மையான விளிம்போடு நிமிடக்கணக்கில் நிற்காது. அடுத்தடுத்த இடங்களில் மெல்ல மெல்லத்தான் குறைய வேண்டும். கூர்மையான விளிம்பு சாயத்துக்கு உண்டு, சவ்வுக்கு உண்டு, பிஎச்சுக்கு உண்டு.

இதிலிருந்து மூன்று சோதனை பிறக்கிறது. வெப்ப மூலத்தை நிறுத்துங்கள், அதாவது சுவாசத்தைத் தடுக்கும் மருந்தைப் போடுங்கள். வெப்பமாக இருந்தால் மருந்து வேலை செய்த வேகத்திலேயே ஒளி பழைய நிலைக்கு வர வேண்டும், அதற்குமேல் தாமதம் இருக்கக் கூடாது. மெதுவாக நிமிடக்கணக்கில் திரும்பினால், அல்லது திரும்பவே இல்லை என்றால், அது சாயம் இடம் மாறியதாக இருக்கலாம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. செல்லுக்கு வெளியே அளந்து பாருங்கள். உருண்டைக்கு வெளியே வெப்பநிலை உயர்வு தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். செல்லின் மேற்பரப்பில் 2 டிகிரி ஏறினால், இன்னும் ஓர் ஆரம் தள்ளி, அதாவது 10 மைக்ரோமீட்டர் தூரத்தில், 1 டிகிரி ஏறியிருக்க வேண்டும். அடியில் கண்ணாடி இருப்பதால் கொஞ்சம் குறையலாம், ஆனால் காணாமல் போகாது. வெப்பம் ஒளிந்துகொள்ளாது. உள்ளே பல டிகிரி, வெளியே ஒன்றுமில்லை என்று வந்தால் உள்ளே இருந்தது வெப்பமே இல்லை.

மூன்றாவது நீங்களே சொன்ன ஆக்சிஜன் கணக்கு. அதை அதே செல்களில், அதே எஃப்.சி.சி.பி அளவில் செய்யுங்கள்.

வேதியியல்_நிலா | வியாழன், இரவு 9:30

வெளியே அளக்கும் யோசனைக்கு முழு ஆதரவு. அதற்குச் சாயத்தை அப்படியே ஊடகத்தில் கரைக்காதீர்கள் கோமதி. எஃப்.சி.சி.பியும் புரதமும் அதைத் தொடும். சாயத்தைப் பாலிஸ்டைரீன் மணிக்குள் அடைத்து, அந்த மணிகளைச் செல்களுக்கு நடுவே கண்ணாடியில் ஒட்ட வையுங்கள். யூரோப்பியம் என்ற அருமண் உலோகத்தின் சேர்மம் அதற்கு நன்றாக இருக்கும், சூடு ஏறினால் நன்றாகவே மங்கும். வெப்பம் மணிக்குள் போகும், பிஎச் போகாது.

உள்ளேயும் ஒரு சாட்சி வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்கே போகும், ஆனால் வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாத பச்சைச் சாயத்தைச் சேர்த்துப் போடுங்கள். வெப்பச் சாயம் மங்கும்போது பச்சையும் மங்கினால் இடமாற்றமோ குவியமோ காரணம். முடிந்தால் மின்னழுத்தம் போனாலும் வெளியேறாதபடி புரதத்தோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கொள்ளும் சாயத்துக்கு மாறுங்கள்.

நான் இன்னமும் மைட்டோகாண்ட்ரியாவில் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சாயம் சொல்வது "என் சூழல் மாறியது" என்பதை மட்டும்தான். அது வெப்பம் என்று சொல்ல மற்ற எல்லாவற்றையும் விலக்கியாக வேண்டும் என்பதில் வாத்தியாரோடு எனக்கு வேறுபாடு இல்லை. இங்கே வசேதா நிலையத்தில் இருந்த மதோகா சுசூகி போன்றவர்களே 2015இல் அந்த ஒரு லட்சம் மடங்கு இடைவெளியைத் தலைப்பாக வைத்து வெளிப்படையாக எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

கோமதி_ஒன்நார்த் | வெள்ளி, காலை 8:10

எல்லாருக்கும் நன்றி. குழுவில் பேசிவிட்டேன். கட்டுரைத் தலைப்பில் இப்போதைக்கு வெப்பநிலை என்ற பேச்சு இல்லை, ஒளிர்வு மாற்றம் என்று மட்டும் வைக்கிறோம். டிகிரியில் போட்டிருந்த வண்ண அளவுகோலை எடுத்துவிட்டு ஒளிர்வு விகிதத்தைப் போடுகிறோம். யூரோப்பிய மணிகள் வாங்க ஒப்புதல் கிடைத்துவிட்டது. பச்சைச் சாயம் எங்களிடமே இருக்கிறது, அதை அடுத்த வாரம் தொடங்குகிறேன்.

ஒரு சந்தேகம். ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய செல்களில் எஃப்.சி.சி.பி போட்டு, அதை ஒப்பீட்டுச் சோதனையாகக் காட்டலாமா?

நுண்ணோக்கி_அறை | வெள்ளி, காலை 9:40

காட்டலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பதப்படுத்திய செல்லில் மின்னழுத்தமே இருக்காது, எனவே எஃப்.சி.சி.பி வீழ்த்துவதற்கு ஒன்றும் இல்லை. ஒளி மாறவில்லை என்றால் "வெப்பம் இல்லாததால் மாறவில்லை" என்று சொல்ல முடியாது. அதைவிட நல்லது உயிருள்ள செல்லிலேயே முதலில் சுவாசத்தைத் தடுத்துவிட்டு அப்புறம் எஃப்.சி.சி.பி போடுவது. சுவாசம் இல்லை, அதிக வெப்பம் உண்டாக வழியில்லை. ஆனால் ஏ.டி.பியைச் செலவழித்தாவது மின்னழுத்தத்தைக் கொஞ்சம் தக்கவைத்திருக்கும், எஃப்.சி.சி.பி அதை வீழ்த்தும். அப்போதும் மங்கினால் விடை கிடைத்துவிட்டது.

லென்ஸ் சூடேற்றும் பட்டை எங்கள் அலமாரியில் ஒன்று கூடுதலாக இருக்கிறது. தட்டை வைப்பதற்கு முன்னால் நன்றாகச் சூடாக விடுங்கள். கண்ணாடி மேல், லென்ஸுக்கு நேர் மேலே, மெல்லிய தெர்மோகப்பிள் ஒன்றை வைத்து உண்மையில் எத்தனை டிகிரி என்று குறித்துக்கொண்ட பிறகு படம் எடுங்கள்.

ஜூரோங்_இன்ஸ்ட்ருமெண்ட் | வெள்ளி, காலை 11:05

அந்தத் தெர்மோகப்பிளை முதலில் ஐஸ் குளியலில் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள் தங்கச்சி. அப்புறம் 37 டிகிரியில் மாஸ்டரோடு ஒரு முறை. கம்பியின் தடிமனையும் குறித்து வையுங்கள், தடித்த கம்பி அந்தச் சின்ன இடத்தின் சூட்டை இழுத்துவிடும்.